லேப்டாப்பை வாரண்டி சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். ஆய்வகக் கணினிகளைவிட, மாணவர்களும் ஆசிரியர்களும் பையிலிருந்து எடுத்து என் மேசைமேல் வைக்கும் மடிக்கணினிகளே என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள் என்பதால், அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான பதில்கள் விண்டோஸ் மடிக்கணினிகளுக்கானவை. மேக்புக் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

சார், வாரண்டி இருக்கா, முடிஞ்சிடுச்சான்னு எப்படிப் பார்ப்பது?

மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் சிறிய எழுத்தில் வரிசை எண் அச்சிடப்பட்டிருக்கும். டெல் நிறுவனம் அதனை சர்வீஸ் டேக் என்று அழைக்கிறது. எழுத்தும் எண்ணும் கலந்த ஏழு குறிகள் கொண்டது அது. அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ளிட்டால் வாரண்டி முடியும் நாளும், எந்த வகை வாரண்டி என்பதும் தெரிந்துவிடும். ஒட்டியிருந்த தாள் தேய்ந்து போயிருந்தால், கணினியை இயக்கியவுடன், விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கக்கூடிய பயாஸ் என்னும் அமைப்புத் திரையிலும், வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டியின் பக்கவாட்டிலும் அதே எண் இருக்கும்.

இணையதளம் காட்டும் நாள் சில நேரங்களில் நீங்கள் வாங்கிய நாளோடு ஒத்துப்போகாது. கடைக்காரரிடம் சரக்கு சில மாதங்கள் தங்கியிருந்தால், அந்த மாதங்கள் உங்கள் கணக்கில் கழிந்துவிட்டதுபோலத் தோன்றும். ரசீதை அனுப்பித் திருத்தச் சொன்னால் திருத்திக் கொடுப்பார்கள். ஆகவே ரசீதின் படத்தை உங்களுக்கு நீங்களே மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். கடைகளில் தரும் வெப்பத்தாள் ரசீதுகள் ஓராண்டுக்குள் வெறும் வெள்ளைத்தாளாக மாறிவிடுகின்றன.

கடையில் தனியாகப் பணம் கட்டி ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி’ எடுத்திருக்கிறேன். அதுவும் கம்பெனி வாரண்டியும் ஒன்றுதானா?

பெரும்பாலும் இல்லை. மடிக்கணினி நிறுவனமே விற்கும் நீட்டிப்பு, மேலே சொன்ன வரிசை எண் தேடலில் தெரியும். கடைக்காரர் விற்ற திட்டம் அதில் தெரியாது. அதனை வேறொரு நிறுவனம் நடத்தும், புகாரையும் அங்கேதான் பதிய வேண்டும், பழுது பார்ப்பவரும் வேறாக இருப்பார். முதல் ஆண்டுக்குள் பழுது வந்தால் நேராக மடிக்கணினி நிறுவனத்தையே அணுகுங்கள்.

வீட்டுக்கே ஆள் வருவாங்களா, நாமதான் தூக்கிட்டுப் போகணுமா?

அது வாங்கும்போதே தீர்மானிக்கப்பட்ட ஒன்று. ‘ஆன்சைட்’ என்றிருந்தால் பாகத்தோடு பொறியாளர் உங்கள் இடத்திற்கு வருவார். ‘கேரி-இன்’ என்றிருந்தால் நீங்கள் சேவை மையத்திற்குப் போக வேண்டும். மூன்றாவது வகையில், நிறுவனமே கூரியர் ஆளை அனுப்பி எடுத்துச் செல்லும். சிறிய ஊர்களில் இருப்பவர்களுக்கு இதுவே அதிகம் வாய்க்கிறது.

ஆன்சைட் என்றால் கணினி வீட்டைவிட்டுப் போகாது என்பதால் ஆயத்தம் எதுவும் தேவையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. உங்கள் கண்ணெதிரே, உங்கள் சாப்பாட்டு மேசையிலேயே மதர்போர்டை (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகையை) மாற்றினாலும், கோப்புகளுக்கும், பிட்லாக்கர் கேள்வியில் வரப்போகும் பூட்டுச் சாவிக்கும் வரும் ஆபத்து அதேதான். எனவே கீழே உள்ளவை மூன்று வகையினருக்கும் பொருந்தும்.

என்ன பிரச்சினைன்னு எப்படிச் சொல்றது? ‘சரியா வேலை செய்யல’ன்னு சொன்னா போதாதா?

போதாது. அப்படி எழுதிக் கொடுத்தால் அவர்கள் கணினியை இயக்கிப் பார்த்து, இயங்குகிறது என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘சார்ஜரைச் செருகினால் விளக்கு எரிகிறது, ஆனால் மின்கல அளவு 40 சதவீதத்துக்குமேல் ஏறுவதில்லை’, ‘மூடியைப் பாதியளவு சாய்த்தால் மட்டும் திரையில் கோடுகள் வருகின்றன’ என்பதுபோல, எப்போது, எந்த நிலையில், என்ன நடக்கிறது என்று எழுத வேண்டும். விட்டுவிட்டு வரும் பழுதாக இருந்தால், வரும்போதே கைப்பேசியில் காணொளி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழுது பொறியாளர் முன்னால் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளும். இது எல்லோருக்கும் அனுபவத்தில் தெரிந்ததே.

இயங்கும் நிலையில் இருந்தால் நிறுவனமே வைத்திருக்கும் சோதனை நிரலையும் ஓடவிட்டுப் பாருங்கள். டெல் கணினியில், இயக்கியவுடன் எஃப்12 விசையைத் தட்டினால் வரும் பட்டியலில் அது இருக்கும், எச்.பி.யில் எஃப்2. பாகம் ஒன்று சோதனையில் தோற்றால் திரையில் ஒரு குறியீடு வரும், எச்.பி.யில் அது 24 குறிகள் கொண்டது. அதனைப் படமெடுத்துப் புகாரோடு கொடுத்தால், ‘முதலில் விண்டோஸை மாற்றிப் போட்டுப் பாருங்கள்’ என்ற அலைக்கழிப்பு குறைந்துவிடுகிறது.

கீபோர்டுதான் போச்சு. அதுக்கு எதுக்கு ஃபைலை எல்லாம் காப்பி எடுக்கணும்?

சேவை மையம் எடுத்துக்கொள்ளும் பொறுப்பு இயந்திரத்திற்கு மட்டுமே. உள்ளிருக்கும் கோப்புகளுக்கு அன்று. இதனை அவர்கள் மறைப்பதில்லை. நீங்கள் கையெழுத்திடும் தாளிலேயே எழுதியிருக்கும். விசைப்பலகையை மாற்ற வேண்டுமென்றால், பல மாதிரிகளில் உள்ளிருக்கும் எல்லாவற்றையும் கழற்றினால்தான் அதனை எட்ட முடியும். இடையில் வேறொன்று பழுதாகலாம். வேலை முடிந்தபின் சோதிப்பதற்காகவே விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுவதும் உண்டு.

எங்கள் கல்லூரித் தமிழாசிரியை ஒருவர், மூடியின் கீல் உடைந்தது என்று தம் மடிக்கணினியைக் கொடுத்தார். கீல் அழகாகச் சரிசெய்யப்பட்டு எட்டாம் நாள் திரும்பி வந்தது. திறந்து பார்த்தால், கடையில் அன்றுதான் வாங்கியதுபோல, பெயரைத் தெரிவிக்கச் சொல்லி விண்டோஸ் வரவேற்றது. ஆய்வேட்டின் இரண்டு இயல்கள் பென்டிரைவில் இருந்தன, மூன்றாவது இல்லை. அவர் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஒன்றும் சொல்லாமல் கணினியை மூடிவைத்தார். அதற்குப் பிறகு, ‘காப்பி எடுத்தாச்சா?’ என்று கேட்காமல் நான் யாருடைய கணினியையும் தொடுவதில்லை.

டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை காப்பி பண்ணிட்டேன். போதும்தானே?

டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ஆகிய இரண்டையும் மறப்பவர்களே அதிகம். உண்மையில் வேலைகள் கிடப்பது அந்த இரண்டில்தான். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும் புத்தகக்குறிகளும் உங்கள் கணக்கோடு ஒத்திசைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அவுட்லுக்கில் அஞ்சல்களைக் கணினியிலேயே இறக்கி வைப்பவராக இருந்தால் அந்தக் கோப்பு தனியாக இருக்கும். கடைக்கணக்கை டேலியில் எழுதுபவர்கள் தரவைப் படியெடுப்பதோடு நிற்காமல், உரிமத்தையும் ‘சரண்டர்’ செய்துவிட, அதாவது அந்தக் கணினியிலிருந்து விடுவித்துவிட வேண்டும். அது கணினியோடு பிணைக்கப்பட்டது. மதர்போர்டு மாறினால் சிக்கல் வரும்.

தமிழில் எழுதுபவர்களுக்கென்று ஒன்று உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கோப்பு பத்திரமாக இருந்தும் படிக்க முடியாது. ஆகவே எழுத்துருக் கோப்புகளையும், அழகி, என்.எச்.எம். ரைட்டர் போன்ற தட்டச்சு மென்பொருள்களில் நீங்கள் பயன்படுத்துவதையும் சேர்த்தே எடுத்து வையுங்கள். அச்சகம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருநூறு திருமண அழைப்பிதழ் வடிவங்களை மீட்டும், எழுத்துரு கிடைக்காமல் ஒரு வாரம் அலைந்தார்.

எடுத்த படியை வேறொரு கணினியில் செருகி நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். அதைச் செய்யும்வரை அது படி என்ற கணக்கில் வராது.

லேப்டாப் ஆன் ஆகவே இல்லையே, அப்புறம் எப்படி காப்பி எடுக்கிறது?

முதலில், அது உண்மையிலேயே இயங்கவில்லையா, திரை மட்டும் தெரியவில்லையா என்று பிரித்தறியுங்கள். விசிறிச் சத்தம் கேட்டு, கேப்ஸ் லாக் விசையை அழுத்த அழுத்த அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடுதான் இருக்கிறது. எச்.டி.எம்.ஐ. கம்பியால் வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்தால் அங்கே காட்சி தெரியும். தெரியாவிட்டால் விண்டோஸ் விசையோடு ‘பி’யை (P) அழுத்திப் பாருங்கள். விசைப்பலகை போயிருந்தால் யு.எஸ்.பி. விசைப்பலகை ஒன்றைச் செருகினால் போதும். விடுதியில் ஒரு மாணவன், பொது அறைத் தொலைக்காட்சியில் கிரிக்கெட் இடைவேளையின்போது தன் புராஜெக்ட் முழுவதையும் இப்படித்தான் மீட்டான்.

முற்றிலும் இயங்காவிட்டால், கோப்புகள் சேமிக்கப்படும் எஸ்.எஸ்.டி. என்னும் வட்டு கழற்றக்கூடியதா என்பதே கேள்வி. பல விண்டோஸ் மடிக்கணினிகளில் அது சூயிங்கம் பட்டை அளவில், ஒரே திருகாணியால் பிடிக்கப்பட்டிருக்கும். வெளியே எடுத்து, அதற்கென்று விற்கும் யு.எஸ்.பி. உறையில் போட்டு வேறு கணினியில் படிக்கலாம். வாரண்டி காலத்தில் இதனை நீங்களாகச் செய்யாமல், சேவை மையத்திடம் கேட்டு, மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு செய்யுங்கள். சில மாதிரிகளில் சேமிப்புச் சிப்பு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் இந்த வழி கிடையாது.

‘பிட்லாக்கர் ரெக்கவரி கீ’ கேட்குது. நான் அப்படி எதையும் போடவே இல்லையே?

பிட்லாக்கர் என்பது வட்டைப் பூட்டும் விண்டோஸ் வசதி. நீங்கள் போடவில்லை, விண்டோஸ் போட்டுக்கொண்டது. அண்மைக்கால மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு முதன்முறை உள்நுழையும்போது, வட்டில் இருப்பவை தாமாகவே மறையாக்கம் செய்யப்பட்டுவிடுகின்றன, அதாவது சாவியில்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றப்படுகின்றன. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் பெரும்பாலான கணினிகளில் இது நடக்கிறது. பூட்டைத் திறக்கும் திறவுகோல் மதர்போர்டோடு சேர்ந்த டி.பி.எம். என்னும் பாதுகாப்புப் பகுதியில் இருப்பதால், அன்றாடம் உங்களுக்கு எதுவும் தெரியாது. மதர்போர்டை மாற்றியவுடன் புதிய பலகைக்கு அந்தப் பூட்டு அந்நியமாகிவிடுகிறது. அப்போதுதான் நீலத் திரை தோன்றி 48 இலக்கச் சாவியைக் கேட்கிறது.

அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைப்பேசியிலேயே அந்தக் கணக்கில் உள்நுழைந்து, சாதனங்கள் பகுதியில் மீட்புச் சாவிகளைப் பார்க்கலாம். ஒன்றுக்குமேற்பட்ட சாவிகள் இருந்தால், நீலத் திரையில் தெரியும் சாவி அடையாளத்தின் முதல் எட்டுக் குறிகளோடு ஒப்பிட்டுச் சரியானதை எடுங்கள். கணினியைக் கொடுப்பதற்கு முன்பே இதனைச் செய்து, தாளில் எழுதி வீட்டில் வைத்துவிடுங்கள். கணினிப் பையில் வைக்க வேண்டாம். கடையில் யாரோ ஒருவர் தம்முடைய மின்னஞ்சலைக் கொண்டு உங்கள் கணினியை முதன்முதலில் அமைத்துக் கொடுத்திருந்தால், சாவியும் அவர் கணக்கில்தான் இருக்கும். இந்த நிலையை நான் அடிக்கடி பார்க்கிறேன். சாவி எங்குமே கிடைக்கவில்லையென்றால், மைக்ரோசாஃப்ட் உட்பட யாராலும் அதனை உருவாக்கித் தர முடியாது.

பாஸ்வேர்ட் எழுதிக் கொடுக்கச் சொல்றாங்க. கொடுக்கலாமா?

திரை, கீல், விசைப்பலகை, மின்னேற்றம் போன்ற பழுதுகளுக்கு உங்கள் கணக்கிற்குள் நுழைய வேண்டிய தேவையே இல்லை. மேலே சொன்ன சோதனை நிரல் விண்டோஸுக்கு வெளியே ஓடுவது. அவர்களிடம் சொந்த யு.எஸ்.பி. கருவியும் இருக்கும். கடவுச்சொல் எதற்கு என்று பணிவாகக் கேளுங்கள். பல இடங்களில் படிவத்தில் கட்டம் இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் இருப்பதில்லை.

உண்மையாகவே தேவைப்பட்டால், ‘சர்வீஸ்’ என்ற பெயரில் நிர்வாகி உரிமையில்லாத தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதன் கடவுச்சொல்லைக் கொடுங்கள். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லை எந்நிலையிலும் கொடுக்காதீர்கள். அது மடிக்கணினியின் சாவி மட்டுமன்று, மின்னஞ்சலுக்கும் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்கும் அதுதான் சாவி. பின் எண் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது என்பதால் அதனைக் கொடுத்தால் தீங்கில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். குரோமில் சேமித்திருக்கும் கடவுச்சொற்களைக் காட்டச் சொன்னால் அது கேட்பது அந்தப் பின் எண்ணைத்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

அவங்க அவ்வளவு வேலைக்கு நடுவுல நம்ம போட்டோவையெல்லாம் பார்ப்பாங்களா என்ன?

பெரும்பாலோர் பார்க்க மாட்டார்கள். ஆனால் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனை 2022-இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தே பார்த்தார்கள். ஒலியை இயக்கும் மென்பொருளை (டிரைவர்) மட்டும் முடக்கிவிட்டு, மற்றபடி குறையேதும் இல்லாத மடிக்கணினிகளை ஒன்டாரியோ மாநிலத்தின் பழுதுபார்ப்பு நிலையங்களில் கொடுத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று பதிவுசெய்தார்கள். ஆறு இடங்களில் தனிப்பட்ட கோப்புகள் திறக்கப்பட்டிருந்தன. அவற்றுள் இரண்டு இடங்களில் வெளியே படியும் எடுக்கப்பட்டிருந்தது. ஒலியைச் சரிசெய்ய ஒருவருடைய புகைப்படக் கோப்புறையைத் திறக்க வேண்டிய அவசியம் எதுவும் கிடையாது.

நம் ஊர்ப் பொறியாளர்கள்மீது இதனால் பழி சுமத்தவில்லை. அவர்களில் எனக்கு நண்பர்கள் உண்டு. பூட்டாத வீட்டில் திருடன் நுழையவில்லை என்பதற்காகப் பூட்டே வேண்டாம் என்று யாரும் இருப்பதில்லை அல்லவா? கைப்பேசியில் வாட்ஸ்அப்பைத் திறந்து, இணைக்கப்பட்ட சாதனங்கள் பகுதியில் அந்தக் கணினியை வெளியேற்றுங்கள். உலாவியிலும் ஒன்டிரைவிலும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். மின்கையொப்ப டோக்கன் செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

அப்போ எல்லாத்தையும் அழிச்சிட்டுக் கொடுக்கிறதுதான் நல்லதா?

படி எடுத்துச் சரிபார்த்தாகிவிட்டது, கணினியும் இயங்குகிறது என்றால், ஆம். வழக்கறிஞர், தணிக்கையாளர், மருத்துவர் என்று பிறருடைய ஆவணங்களை வைத்திருப்பவர்கள் இதனை விருப்பமாகக் கருதாமல் கடமையாகவே கருத வேண்டும். விண்டோஸின் அமைப்புகளில் உள்ள மீட்புப் பகுதியில், கணினியை மீட்டமைத்து அனைத்தையும் நீக்கும் வசதி இருக்கிறது; அதன் கூடுதல் அமைப்புகளில் வட்டைத் துப்புரவாக்கும் தேர்வையும் இயக்குங்கள். இதற்குச் சில மணிநேரம் ஆகலாம் என்பதால் சார்ஜர் செருகியே இருக்கட்டும். கோப்புகளைத் தேர்ந்து நீக்கிக் குப்பைத்தொட்டியைக் காலிசெய்வது அழித்தல் ஆகாது. அவற்றை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

அடிக்கடி உறைந்து நிற்பது, நீலத் திரை வருவது போன்ற பழுதென்றால், மீட்டமைத்தபின் இரண்டு நாள் பயன்படுத்திப் பாருங்கள். பழுது போயிருந்தால் அது மென்பொருள் சிக்கலாகத்தான் இருந்திருக்கும். சேவை மையத்துப் பயணம் மிச்சம். தொடர்ந்தால், ‘விண்டோஸைப் புதிதாக்கியும் வருகிறது’ என்று புகாரில் ஒரு வலுவான வரி சேரும்.

எஸ்.எஸ்.டி.யை மட்டும் கழற்றி வச்சிக்கிட்டுக் கொடுத்தா என்ன? நான் தனியா வாங்கிப் போட்ட ரேமை என்ன செய்றது?

எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வைத்துக்கொள்வது கோப்புகளுக்கு மிகச் சிறந்த பாதுகாப்பு. சில நிறுவனங்கள், பயனரே மாற்றிக்கொள்ளலாம் என்று சில பாகங்களை வகைப்படுத்தி, கழற்றும் முறையையும் கையேட்டில் படத்தோடு கொடுக்கின்றன. வேறு சிலவோ, திருகாணிமேல் ஒட்டியிருக்கும் தாள் கிழிந்திருந்தால் வாதத்தைத் தொடங்கிவிடும். எந்த வகை என்று கேட்டறியாமல் திருப்புளியை எடுக்க வேண்டாம். சேமிப்பகம் இல்லாத கணினியை வாங்கிக்கொள்ள மறுக்கும் மையங்களும் உண்டு.

நீங்களாகப் போட்ட ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் எடுத்துவிட்டு, கணினியோடு வந்தவற்றையே மீண்டும் பொருத்திக் கொடுப்பது நல்லது. கூடுதல் பாகத்தை எடுத்ததும் பழுது மறைந்துவிட்டால், குற்றவாளி அதுதான். அதற்கான வாரண்டி அதனை விற்றவரிடம் இருக்கிறது. எடுக்க முடியாவிட்டால், அதன் அளவும் வரிசை எண்ணும் ஒப்புகைச் சீட்டில் எழுதப்படுகின்றனவா என்று பாருங்கள்.

பயாஸ் பாஸ்வேர்ட் போட்டிருக்கேன். பரவாயில்லையா?

நீக்கிவிடுங்கள். அது இருந்தால் அவர்களால் சோதனையைத் தொடங்கவே முடியாமல் போகலாம். மறந்துவிட்டால் இன்னும் மோசம்: திங்க்பேட் வகைக் கணினிகளில் பயாஸின் மேற்பார்வையாளர் கடவுச்சொல்லை மறந்தால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று லெனோவோ சொல்கிறது.

என்னுடையது மேக்புக். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

படி எடுப்பது உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். 2020-இல் வந்த எம்1 சிப்பு முதலான மேக்புக்குகளில், சேமிப்பகம் மதர்போர்டோடு ஒன்றியது. பலகையை மாற்றினால் தரவும் பழைய பலகையோடு போய்விடும். கழற்றி வேறிடத்தில் படிக்கும் வழியும் இல்லை. ஒரு வெளி வட்டைச் செருகி, மேக்கிலேயே உள்ள டைம் மெஷின் என்னும் படியெடுக்கும் வசதியை ஓடவிடுவதுதான் எளிய ஏற்பாடு.

கணினி தொலைந்தால் கண்டறிய உதவும் ‘ஃபைண்ட் மை’ வசதியை அணைக்கச் சொல்லிக் கேட்பார்கள். அதற்கு உங்கள் ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல் தேவைப்படும். வரிசையில் நின்றுகொண்டு அதனை நினைவுபடுத்திக்கொள்ள முயல்வதைவிட வீட்டிலேயே செய்துவிட்டுப் போகலாம். கணினி இயங்காவிட்டால் கைப்பேசியிலிருந்தோ உலாவியிலிருந்தோ அந்தக் கணினியை உங்கள் கணக்கிலிருந்து நீக்கலாம்.

சார்ஜர், பேக், மவுஸ் எல்லாம் சேர்த்துக் கொடுக்கணுமா?

மின்னேற்றம் தொடர்பான புகாரென்றால் சார்ஜரைக் கட்டாயம் கொடுங்கள். குற்றம் அதனிடமே இருக்கலாம். மற்ற புகார்களுக்கு, கேட்டால் மட்டும் கொடுங்கள். கொடுத்தால் அதன் வரிசை எண்ணைப் படமெடுத்து வையுங்கள். ஒரே தோற்றமுள்ள கறுப்புச் சார்ஜர்கள் ஒரு மேசையில் இருபது கிடக்கும். பை, மவுஸ், நினைவக அட்டை எதுவும் வேண்டாம். கம்பியில்லா மவுஸின் நகமளவு ஏற்பியை யு.எஸ்.பி. துளையிலேயே விட்டுக் கொடுத்து, நான் இழந்த மவுஸ்கள் இரண்டு.

கூரியர்ல அனுப்பணும். எப்படி பேக் பண்றது?

வாங்கியபோது வந்த பெட்டி இருந்தால் அதற்கு நிகர் வேறில்லை. அதனை அப்படியே அனுப்பாமல், வெளியே இன்னொரு அட்டைப்பெட்டி போடுங்கள். பழைய பெட்டி இல்லையென்றால், குமிழித்தாளில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, எல்லாப் பக்கமும் நான்கு விரற்கடை இடைவெளி இருக்கும்படியான பெட்டியில் வைத்து, அந்த இடைவெளியைக் கசக்கிய தாளால் இறுக்கமாக நிரப்புங்கள். பெட்டியை மூடிக் குலுக்கினால் உள்ளே எதுவும் நகரக் கூடாது. திரைக்கும் விசைப்பலகைக்கும் நடுவே துணியோ தாளோ வைத்து மூட வேண்டாம்; பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வது, அழுத்தம் விழும்போது திரையையே உடைக்கும்.

மூடியை மூடினால் கணினி உறங்குமே தவிர அணையாது. பெட்டிக்குள் விழித்துக்கொண்டு சூடேறும் வாய்ப்பு உண்டு. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே அணைத்தால் முழுமையாக அணையும். பெட்டியை ஒட்டும் முன் நான்கு பக்கமும், இயங்கும் திரையையும், அடிப்பக்கத்து வரிசை எண்ணையும் படமெடுத்து, உள்ளே புகார் எண்ணும் உங்கள் தொடர்பு எண்ணும் எழுதிய தாளை வையுங்கள். எடுத்துச் செல்ல வருபவரிடம் ஒப்புகை எண் வாங்காமல் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

டச்பேட் மேல தூக்கிக்கிட்டு நிக்குது. அதையும் கூரியர்ல அனுப்பலாமா?

கூடாது. டச்பேட் மேலெழுவது, மூடி சரியாக மூடாமல் இருப்பது, மேசைமேல் வைத்தால் ஆடுவது ஆகியவை உள்ளிருக்கும் லித்தியம் மின்கலம் உப்பியிருப்பதன் அடையாளங்கள். சேதமடைந்த லித்தியம் மின்கலங்களை விமானத்தில் ஏற்றுவது பன்னாட்டு விதிகளின்படி தடைசெய்யப்பட்டது. நீங்கள் அனுப்பும் கூரியர் எந்த வழியாகப் போகும் என்பது உங்கள் கையில் இல்லை. அணைத்துவிட்டு, மின்னேற்றாமல், அழுத்தாமல், குத்தாமல், தீப்பிடிக்கும் பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு நிறுவனத்தை அழையுங்கள். நேரில் கொண்டுபோவது அல்லது பொறியாளரை வரவழைப்பது, இந்த இரண்டே வழிகள்.

காபி கொட்டிடுச்சு. அதைச் சொல்லாம இருந்துட்டா?

கண்டுபிடித்துவிடுவார்கள். பல மடிக்கணினிகளின் உட்புறத்தில் ஈரம் பட்டால் நிறம் மாறும் சிறு ஒட்டுகள் இருக்கின்றன. அவை இல்லாவிட்டாலும் சர்க்கரையும் பாலும் பலகையில் விட்டுச்செல்லும் கறை போதும். திரவச் சேதம் வழக்கமான வாரண்டியில் வராது. தற்செயல் சேதத்திற்கெனத் தனிப் பாதுகாப்பு வாங்கியிருந்தால் வரும். அது இருக்கிறதா என்று முதல் கேள்வியில் சொன்ன தேடலிலேயே தெரியும். மறைத்துவிட்டால், பொறியாளர் வேறு காரணத்தைத் தேடி நாட்களை வீணாக்குவார். இறுதியில் மதிப்பீட்டுத் தொகையும் உங்கள் தலையில் விழும்.

ஜாப் ஷீட்ல கையெழுத்து போடும்போது என்னத்தைப் பார்க்கணும்?

வரிசை எண், நீங்கள் எழுதிய பழுது விவரம், ஒப்படைத்த துணைப்பொருள்கள், ஏற்கெனவே இருக்கும் கீறல்கள் ஆகிய நான்கும் சரியாக இருக்க வேண்டும். மூலையில் சிறு கீறல் இருப்பதை ‘உடைந்துள்ளது’ என்று எழுதியிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். பின்னால் வாரண்டியை மறுக்க அந்த ஒரு சொல் போதும். ‘நோ பவர்’ என்று இரண்டு சொல்லில் சுருக்கியிருந்தால், உங்கள் விவரத்தாளை அதனோடு இணைக்கச் சொல்லுங்கள். ‘தரவுப் படி எடுக்கப்பட்டது’ என்ற கட்டத்தில் குறியிடும் முன் உண்மையிலேயே எடுத்தீர்களா என்று நினைத்துப் பாருங்கள்.

திரும்ப வாங்கும்போது அங்கேயே செக் பண்ணணுமா? பின்னால ஆளுங்க நிக்கிறாங்க, கூச்சமா இருக்கு.

நிற்கட்டும். பத்து நிமிடம்தான் ஆகும். புகார் சொன்ன பழுது போயிருக்கிறதா என்பதோடு, கேமரா, ஒலிபெருக்கி, வைஃபை, எல்லா யு.எஸ்.பி. துளைகள் ஆகியவற்றையும் பாருங்கள், அடிப்பக்கத்துத் திருகாணிகளை எண்ணுங்கள், ரேம், எஸ்.எஸ்.டி. அளவுகள் கொடுத்தபோது இருந்தவைதாமா என்று அமைப்புகளில் ஒப்பிடுங்கள்.

மதர்போர்டு மாறியிருந்தால் இரண்டு வேலைகள் கூடுதல். பயாஸ் திரையில் தெரியும் வரிசை எண்ணும் அடிப்பக்கத்து எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். புதிய பலகையில் பழைய எண்ணைப் பதிய மறந்துவிட்டால் அடுத்த முறை வாரண்டியே தெரியாது. விண்டோஸ் உரிமமும் மதர்போர்டோடு சேர்ந்தது என்பதால், அது செயற்படுத்தப்பட்ட நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டையும் வீட்டிற்கு வந்தபின் கண்டுபிடித்தால் மீண்டும் அதே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

பார்ட் வரலைன்னு ஒன்றரை மாசமா சொல்றாங்க. என்ன செய்றது?

முதலில் தொலைபேசியை விட்டுவிட்டு எழுத்துக்கு மாறுங்கள். புகார் எண், ஒப்படைத்த நாள், ஒவ்வொரு முறையும் அவர்கள் சொன்ன தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, குறிப்பிட்ட நாளுக்குள் பழுது நீக்கித் தர வேண்டும் அல்லது மாற்றுக் கணினி தர வேண்டும் என்று கேளுங்கள். பயன் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். பல புகார்கள் அந்தக் கட்டத்திலேயே அசைந்து கொடுக்கின்றன.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாழும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். சிக்கல் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடலாம். அங்கே பேசப்போவது நீங்கள் எடுத்த படங்களும், ஜாப் ஷீட்டும், மின்னஞ்சல்களும்தான்.

எஸ்.எஸ்.டி. கெட்டுப்போச்சுன்னு புதுசு போட்டாங்க. பழசைக் கேட்டா தர மாட்டேங்கிறாங்க. அதுல என் ஃபைல் இருக்கே?

வாரண்டியில் ஒரு பாகத்தை மாற்றினால் பழைய பாகம் நிறுவனத்திற்குச் சொந்தம் என்பது ஏறத்தாழ எல்லா வாரண்டி விதிகளிலும் இருப்பது. ஆகவே அவர்கள் தர மறுப்பது அடாவடி அன்று. கெட்டுப்போன வட்டைத் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்புவோருக்கென டெல், எச்.பி., லெனோவோ ஆகியவை தனிக் கட்டணத்தில் ஒரு கூடுதல் திட்டம் வைத்திருக்கின்றன. வங்கிகளும் அரசு அலுவலகங்களும் வாங்கும் அத்திட்டம், தனிநபர்கள் காதில் விழுவதே இல்லை. ரகசிய ஆவணங்களோடு புழங்குபவர்கள் கணினி வாங்கும்போதே அதைப் பற்றிக் கேளுங்கள்.

திட்டம் இல்லாதவர்களுக்கு, பிட்லாக்கர் கேள்வியில் நாம் குறைபட்டுக்கொண்ட அதே பூட்டு இங்கே துணைக்கு வருகிறது. மறையாக்கம் செய்யப்பட்டிருந்த வட்டு யார் கைக்குப் போனாலும், 48 இலக்கச் சாவி உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும்வரை, அவர்களுக்கு அது வெறும் சிப்புதான். மறையாக்கம் இல்லாத வட்டு என்றால், புதியது பொருத்த ஒப்புதல் கொடுக்கும் முன்பே நிறுத்தி, வாரண்டியை விட்டுக்கொடுத்துப் பழையதைக் கையில் வாங்கிக்கொள்வதா, கோப்புகளை விட்டுக்கொடுத்துப் புதியதை இலவசமாக வாங்குவதா என்று முடிவுசெய்ய வேண்டும். பொருத்தி முடித்தபின் கேட்டால் அந்தத் தெரிவு உங்களிடம் இருக்காது.